நுரைக்குள் ஓடும் அதிர்வலை: காரைக்குடியில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சில வாரங்களுக்கு முன் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில், கல்லூரிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாருமாக ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, ஆராய்ச்சி மாணவனாக நான் செய்த வேலையைப் பற்றிப் பேசினேன். காற்றைப்போல் லேசான நுரைப் பொருள்களை லேசரால் அடித்து, உள்ளே ஓடும் அதிர்வலையை அளக்கும் வேலை அது. பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, கேள்விகள்தான் முடியவில்லை. அன்று அரைகுறையாகச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

அதிர்வலை என்கிறீர்களே, அது ஒலிதானே?

ஒலியின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி போகும்போது காற்று கொஞ்சம் நெருங்கி, கொஞ்சம் விலகி, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதிர்வலை ஒலியைவிட வேகமாக வரும். முன்னே இருக்கும் பொருளுக்கு ஒதுங்க நேரமே கிடைக்காது. ஒரு மெல்லிய கோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய அடர்த்தி, அந்தப் பக்கம் புது அடர்த்தி, புது வெப்பம், புது அழுத்தம்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி அன்று வரிசையில் நின்றிருப்பீர்கள். ஆளுக்கு ஆள் நான்கடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து ஒருவர் விடாமல் தள்ளிக்கொண்டு வருகிறார், நெருக்கப்பட்டவர்கள் ஓரடி இடைவெளியில் ஒட்டி நிற்கிறார்கள். இங்கே இரண்டு வேகங்கள் இருக்கின்றன. தள்ளுகிறவர் நடக்கும் வேகம் ஒன்று. ‘நெருக்கம்’ என்ற சங்கதி வரிசையில் முன்னேறும் வேகம் இன்னொன்று. தள்ளுகிறவர் மூன்றடி நடந்தால் நெருக்கத்தின் முனை நான்கடி முன்னே போயிருக்கும். தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். முதல் வேகத்துக்குத் துகள் வேகம் என்றும், இரண்டாவதற்கு அதிர்வலை வேகம் என்றும் பெயர். மொத்த விஷயமும் இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. இரண்டும் கிடைத்துவிட்டால் அழுத்தமும் அடர்த்தியும் வெறும் பெருக்கல் வகுத்தல்: தொடக்க அடர்த்தியை இரண்டு வேகங்களாலும் பெருக்கினால் அழுத்தம் வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்கெனவே நெருக்கமாக நிற்கும் வரிசையில், ஆளுக்கு ஒன்றேகாலடி இடைவெளி என்றால், தள்ளுகிறவர் ஓரடி நடப்பதற்குள் முனை ஐந்தடி ஓடிவிடும். நெருக்கமான பொருளில் அலை தள்ளுகிறவரை விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறது. இடைவெளி மிகுந்த பொருளிலோ தள்ளுகிறவரின் மூக்குக்கு முன்னாலேயே ஓடுகிறது. நுரையில் வரும் தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது, கீழே வருகிறேன்.

லேசர் வெறும் வெளிச்சம். அது எப்படிப் பொருளை அடிக்கும்?

வெளிச்சம் நேராகத் தள்ளுவது சொற்பம். வேலையைச் செய்வது ஆவி. லேசர் பட்ட மேற்பரப்பு நொடியில் பிளாஸ்மாவாகி, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான ஆவியாகி, வெளியே பீறிட்டுப் போகிறது. அந்த உதைப்பில் மிச்சப் பொருள் உள்நோக்கித் தள்ளப்படுகிறது. வாணம் மேலே போவதும் இதே கதைதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு லட்சம் கோடி வாட் என்ற செறிவில் அடித்தால், வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு அழுத்தம் கிடைக்கும்.

எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். அரை மி.மீ. விட்டமுள்ள புள்ளியில் ஒரு நானோ விநாடி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு விநாடி, அடிப்பதற்கு 200 ஜூல் போதும். ஒரு கிராம் சீனியில் இருக்கும் சக்தியில் எண்பதில் ஒரு பங்கு. சக்தி கொஞ்சம்தான், அதைச் செலவழிக்கும் அவசரம்தான் பயங்கரம்.

அடர்த்தி குறைந்த பொருள் என்றால் பஞ்சா?

பஞ்சு மாதிரிதான், ஆனால் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. குழிப்பணியாரத்தைப் பிட்டால் உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரியும் அல்லவா? அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சிலிக்கா ஏரோஜெல். 1931-இல் சாமுவேல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்கர் முதலில் செய்துகாட்டினார். ஈரமான கூழை அப்படியே காயவைத்தால் நீரின் பரப்பு இழுவிசை உள்ளே இருக்கும் வலையை நசுக்கிவிடும். அதனால் ஈரத்தை எடுத்துவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பி, 31 டிகிரிக்கும் 74 பாருக்கும் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மேலே கொண்டுபோய், திரவம் வாயு என்ற பேதமே இல்லாத நிலையில் அதை வெளியேற்றுகிறார்கள். வலை அப்படியே நிற்கும்.

காற்று ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிகிராம். ஏரோஜெல்லை அதன் சில மடங்கு அளவுக்குக்கூட லேசாகச் செய்யலாம். சோதனைகளில் பெரும்பாலும் 10-லிருந்து 200 மில்லிகிராம் வரை புழங்கும். பிளாஸ்டிக் நுரைகளும் உண்டு. கையில் வைத்துப் பார்த்தால் ஏரோஜெல் நீலப் புகையை வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். சற்று அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். முதல் வாரத்தில் மூன்று துண்டுகளை நொறுக்கியவன் நான்.

இரும்பு, கல்லையெல்லாம் விட்டுவிட்டு இதை ஏன் அடிக்க வேண்டும்?

சூடுதான் முதல் காரணம். சைக்கிள் பம்ப்பின் நுனியில் விரலை வைத்து அடித்தால் சுடும். காற்றை நிறையச் சுருக்குகிறோம், நம் உழைப்பெல்லாம் வெப்பமாகிறது. அதிர்வலையிலும் ஏறும் சக்தி, அழுத்தத்தையும் சுருங்கிய பருமனையும் பெருக்கியதில் பாதி. ஓட்டை நிறைந்த பொருள் நிறையச் சுருங்கும். அதனால் அதே அழுத்தத்தில் கெட்டிப் பொருளைவிடப் பல மடங்கு சூடாகிவிடும். கெட்டிப் பொருளை வைத்து எட்ட முடியாத நிலைகளுக்கு நுரை வழியாகப் போகலாம்.

வெடித்த விண்மீனின் சிதறல் விண்வெளி வாயுவில் மோதுவதை மேசைமேல் சிறிய அளவில் செய்துபார்க்க நுரை வேண்டும். லேசர் இணைவில், அதாவது லேசரால் அணுக்கருக்களை ஒன்றுசேர்த்துச் சக்தி எடுப்பதில், எரிபொருளை ஊறவைக்கவும், லேசரின் மேடுபள்ளங்களைச் சமன்படுத்தவும் நுரை வேண்டும். அப்புறம் இன்னொரு வேடிக்கை: லேசான பொருளில் ஓடிவந்த அலை கெட்டிச் சுவரில் மோதும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். எளிய வாயுவாகக் கணக்குப் போட்டால் ஆறு மடங்கு வரை.

அவ்வளவு வேகத்தில் ஓடுவதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

நுரையின் தடிமன் 100 மைக்ரோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அலை விநாடிக்கு 50 கி.மீ. ஓடினால் இரண்டே நானோ விநாடியில் அந்தப் பக்கம் வந்துவிடும். சாதாரணக் கேமராவுக்கு இங்கே வேலை இல்லை. ஸ்ட்ரீக் கேமரா என்று ஒன்று உண்டு. வரும் ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி, அவற்றை மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுக்கும். முதலில் வந்தது மேலே விழும், பிறகு வந்தது கீழே விழும். நேரம் நீளமாக மாறிவிடுகிறது. ஒரு நானோ விநாடியைப் பல பத்துத் துண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பழைய முறை படிக்கட்டு முறை. தெரிந்த உயரத்தில் படிகள் வெட்டிய இலக்கை வைத்து, கீழ்ப்படியில் அலை எப்போது வெளியே வந்தது, மேல்படியில் எப்போது என்று பார்ப்பது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். குறை என்னவென்றால் இது சராசரி வேகம்தான். வழியில் அலை தளர்ந்ததா என்று தெரியாது. நுரையில் அலை தளரத்தான் செய்யும்.

இன்றைக்குப் பிரதானக் கருவி விசார். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பார்க்கர், ஹாலன்பாக் இருவரும் 1972-இல் வெளியிட்டது. அதற்கு முன்பிருந்த கருவிகளுக்கு இலக்கு கண்ணாடியாக மின்ன வேண்டும், நம்ம ஊர் முட்டைச் சாந்துச் சுவர் மாதிரி. விசாருக்குச் சொரசொரப்பான பரப்பும் போதும். நகரும் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் மிக மிகக் கொஞ்சம் மாறும். திரும்பிய ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒரு கண்ணாடித் துண்டு வழியாக 50 பைக்கோ விநாடி (ஆயிரம் பைக்கோ சேர்ந்தால் ஒரு நானோ) தாமதப்படுத்தி, மறுபடியும் சேர்ப்பார்கள். கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தோன்றும். பரப்பு வேகமெடுத்தால் வரிகள் நகரும். பச்சை லேசருக்கு அந்தத் தாமதத்தில் ஒரு முழு வரி நகர்ந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5.3 கி.மீ. வேகம்.

வரி எத்தனை முறை நகர்ந்தது என்று எப்படித் தெரியும்?

அன்று வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டது பதினோராம் வகுப்புப் பையன். தெரியாது என்பதுதான் பதில். அதிர்வலை வந்த கணத்தில் வரிகள் தாவிவிடும். தாவல் கால் வரியா, ஒன்றேகால் வரியா, ஐந்தேகால் வரியா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிமிட முள் மட்டும் இருக்கும் கடிகாரம் மாதிரி.

அதனால் வேறு வேறு தாமதம் உள்ள இரண்டு விசார்களைச் சேர்த்து வைப்பார்கள். இது நம் பாட்டிகளின் கணக்கு. ஆத்தங்குடிக் கல் கொஞ்சம் இருக்கிறது, ஐந்தைந்தாக அடுக்கினால் இரண்டு மிச்சம், ஏழேழாக அடுக்கினால் மூன்று மிச்சம், கல் எத்தனை? முதலாவதன்படி 2, 7, 12, 17, 22 என்று போகும். இரண்டாவதன்படி 3, 10, 17, 24. இரண்டுக்கும் பொது 17. அடுத்த பொது எண் 52, அவ்வளவு கல் இந்த அறையில் இருக்க வழியில்லை என்றால் விடை 17-தான். கல்லுக்குப் பதில் விநாடிக்கு இத்தனை கி.மீ. என்று போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு விசார்களின் வேலை அதுதான்.

நுரையிலிருந்து ஒளி திரும்பியே வராவிட்டால்?

வராமல் போவதும் உண்டு. அலை பலமாக இருந்தால் அதன் முகப்பிலேயே பொருள் அயனியாகி உலோகம்போல் மின்னும், அந்த முகப்பே கண்ணாடியாகிவிடும். ஆனால் அதற்குப் போதுமான எலக்ட்ரான்கள் வேண்டும். பச்சை ஒளி திரும்ப, கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு கோடி கோடி கோடி எலக்ட்ரான் என்றெல்லாம் வாயால் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். எளிதாகச் சொன்னால், 100 மில்லிகிராம் பிளாஸ்டிக் நுரை முழுவதும் அயனியானால் தேவைக்கு எட்டு மடங்கு எலக்ட்ரான் இருக்கும், 5 மில்லிகிராம் நுரையில் தேவையில் பாதிகூட இருக்காது. ஒளி உள்ளே புகுந்து போய்விடும், விசார் குருடு.

அப்போது எக்ஸ் கதிர். டைட்டானியத் தகடு ஒன்றை வேறு லேசர் கற்றைகளால் அடித்தால் அது எக்ஸ் கதிர் விளக்காகிவிடும். அதைப் பக்கவாட்டில் வைத்து நிழல் எடுப்பார்கள். இதன் அழகு, தள்ளுகிறவரும் தெரிவார், நெருக்கத்தின் முனையும் தெரியும், இரண்டு வேகமும் ஒரே படத்தில். தொல்லை, நுரை எக்ஸ் கதிரைச் சரியாக மறைப்பதே இல்லை, நிழல் மங்கல். கொஞ்சம் புரோமின் கலந்து நிழலைக் கறுப்பாக்குவார்கள், ஆனால் கலந்தபின் அது பழைய நுரை அல்ல.

எக்ஸ் கதிர் இல்லாமல் துகள் வேகம் எப்படிக் கிடைக்கும்?

தெரிந்தவரை வைத்துத் தெரியாதவரைப் பிடிப்பது. நுரைக்கு முன்னால் குவார்ட்ஸ் தகடு ஒன்றை வைப்பார்கள். குவார்ட்ஸில் இந்த அலை வேகத்துக்கு இந்த அழுத்தம் என்று ஏற்கெனவே நன்றாக அளந்து வைத்திருக்கிறார்கள். அலை குவார்ட்ஸிலிருந்து நுரைக்குள் தாண்டும் இடத்தில் இரண்டு பக்கமும் அழுத்தம் சமம், துகள் வேகமும் சமம். அதிலிருந்து கணக்கு. கன சென்டிமீட்டருக்குக் குவார்ட்ஸ் 2.65 கிராம், நுரை 0.1 கிராம் என்பதால் குவார்ட்ஸ் ஏறக்குறைய வெற்றிடத்துக்குள் விரிவதுபோல விரிந்துவிடும். அந்த விரிவு பற்றிய நம் அறிவு எவ்வளவு நல்லதோ, விடையும் அவ்வளவுதான் நல்லது.

சரி, கடைசியில் எவ்வளவு துல்லியம்?

பிள்ளையார்பட்டி வரிசைக்குத் திரும்புவோம். அலை வேகம் 50, துகள் வேகம் 37.5 என்று அளந்தீர்கள். எத்தனை மடங்கு நெருக்கம்? ஐம்பதை இரண்டின் வித்தியாசமான 12.5-ஆல் வகுத்தால் 4. இப்போது அலை வேகத்தில் இரண்டே சதவீதம் பிசகு, உண்மையில் 51 என்றால் விடை 3.78. 49 என்றால் 4.26. இரண்டு சதவீதம் ஆறு சதவீதமாகிவிட்டது. வட்டி குட்டி போடுவது இந்த ஊருக்குத் தெரியாததா? கெட்டிப் பொருளில் இரண்டு வேகங்களும் தள்ளித் தள்ளி இருப்பதால் பிசகு அப்படியே நிற்கும். நுரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மூக்குக்கு முன்னால் ஓடும் அலை என்று சொன்னேனே, அதன் விலை இது.

லேசர் சரி, விசார் சரி. எதில் கோட்டை விடுவீர்கள்?

தராசில். கேட்டவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

அழுத்தக் கணக்கில் முதலில் வருவது தொடக்க அடர்த்தி. அதில் ஐந்து சதவீதம் தப்பானால் அழுத்தமும் ஐந்து சதவீதம் தப்பு. கோடிக்கணக்கில் செலவழித்த லேசரால் அதைத் திருத்த முடியாது. ஒரு மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. உயரம், கன சென்டிமீட்டருக்கு 50 மில்லிகிராம் அடர்த்தியுள்ள நுரை. அந்தத் துண்டின் எடை என்ன தெரியுமா? 39 மைக்ரோகிராம். ஒரு குன்றிமணியில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசு அதைத் தூசி என்றுகூட மதிக்காது. பெரிய கட்டியாக வார்த்து எடைபோட்டு, அதிலிருந்து வெட்டினால்? கட்டியின் ஓரமும் நடுவும் ஒரே அடர்த்தி என்று யார் சொன்னது? அளவுகோல் வைத்தால் நுரை அமுங்கும், அதனால் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் விட்டம் எடுக்க வேண்டும். விட்டத்தில் ஒரு சதவீதம் தவறினால் பருமனில் இரண்டு சதவீதம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மழைக்காலம். ஏரோஜெல் துண்டுகளை மூடிய டப்பாவில்தான் வைத்திருந்தோம், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. கோடையில் போட்ட எடையையே நோட்டில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் அடித்தோம். அழுத்தங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. விசாரைக் கழற்றிப் பூட்டினோம், கேமராவைச் சந்தேகப்பட்டோம், கணிப்பொறி நிரலை எழுதியவனைச் சந்தேகப்பட்டோம் (அது நான்). கடைசியில் ஒரு மாலை, வேறு எதற்கோ மிச்சத் துண்டு ஒன்றைத் தராசில் வைத்த தோழி, எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமல் என்னைக் கூப்பிட்டாள். ஏரோஜெல் நீர் குடித்திருந்தது. ஆறு வாரத் தரவும் பரணுக்குப் போனது. அன்றிலிருந்து அடிப்பதற்கு முந்தின நாள் எடை போடாத துண்டை நான் தொட்டதில்லை.

அலை வருவதற்கு முன்பே நுரை சூடாகிவிடாதா?

ஆகும். பிளாஸ்மாவிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களும் வேக எலக்ட்ரான்களும் அலையை முந்திக்கொண்டு நுரைக்குள் போய்விடும். நுரை சூடாகி உப்பும், நேற்று போட்ட எடை வீண். லேசர் படும் பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, நடுவே தங்கம் போன்ற கன உலோகத்தின் மெல்லிய படலம், நீளம் குறைந்த அலைநீளமுள்ள லேசர் என்று தடுப்பு வைப்பார்கள். அலை வருமுன்பே விசார் வரிகள் அசைந்தால் தடுப்பு போதவில்லை என்று பொருள்.

வெப்பநிலையை எதை வைத்து அளப்பது?

கொல்லன் இரும்பின் நிறம் பார்ப்பதுபோல, அலை முகப்பு ஒளிரும் பிரகாசத்தை ஸ்ட்ரீக் கேமராவில் பிடித்து. பிரகாசத்தை டிகிரியாக மாற்றவும் குவார்ட்ஸ்தான் துணை.

தம்பி, இதிலே வைரம்கூட வருமாமே?

கேட்டது முகப்பை ஒட்டி உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி. வரும் ஆச்சி. அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் 192 லேசர் கற்றைகள் உண்டு. 2022 டிசம்பர் 5 அன்று அங்கே 2.05 மெகாஜூல் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு சக்தியை எடுத்தார்கள். எரிபொருளை வைத்த மிளகளவு உருண்டையின் ஓடு வைரத்தால் ஆனது. ஆனால் தோட்டில் வைக்க முடியாது, செயற்கையாகப் படியவைத்த வைரம். ஆச்சிக்கு அதோடு ஆர்வம் போய்விட்டது.

இது குண்டு செய்யும் வேலையா?

நேரான கேள்வி, நேராகவே சொல்கிறேன். மேலே சொன்ன அமெரிக்க நிலையத்துக்குப் பணம் வருவது முதன்மையாக அணு ஆயுதங்களைச் சோதிக்காமலே பராமரிக்கும் திட்டத்திலிருந்து. அதே சமன்பாடுகள் விண்மீனுக்கும் கோளின் நடுப்பகுதிக்கும் இணைவு மின்சாரத்துக்கும் வேண்டியிருக்கின்றன. நாங்கள் அடித்ததெல்லாம் வெற்றிடக் கலத்துக்குள் மில்லிகிராம் கணக்கில். ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு ஆபத்து என்றால் கண்ணுக்குத்தான். லேசர் கண்ணாடி போடாமல் உள்ளே விடமாட்டார்கள்.

நம்ம சிக்ரியில் இதைப் படிக்கலாமா?

சிக்ரி என்பது காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதன் தொழில் மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த நிலையம் அது. மின்கலமும் துருவும் அவர்கள் ராஜ்ஜியம். லேசர் பிளாஸ்மா என்றால் இந்தூரில் ராஜா ராமண்ணா மையம், மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம். இயற்பியலில் முதுகலை வரை இங்கேயே படித்துவிட்டுப் போகலாம். ஒளியியல் செய்முறை வகுப்பைக் கட் அடிக்காதீர்கள்.

வீட்டில் செய்துபார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, லேசர் வேண்டாம். ஒரு படி பொரி வாங்குங்கள். அதன் அடர்த்தி என்ன? பொரிக்கு இடையில் இருக்கும் காற்றைச் சேர்ப்பதா, விடுவதா? பொரிக்கு உள்ளே இருக்கும் காற்றை? தண்ணீரில் போட்டுப் பருமன் பார்க்க முடியாது, ஊறிவிடும். கடுகுக்குள் புதைத்துப் பார்க்கலாம். ஆறு பேர் தனித்தனியாக அளந்தால் ஆறு விடை வரும். ஆறையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பொரிப் பையைத் திறந்து எத்தனை நாள் ஆனது என்பதையும் சேர்த்து.